பூட்டில்லாத அறை

ஒன்பதாம் இலக்க அறையின் கட்டிலில் வடிவம்மா மல்லாந்து படுத்திருந்தார். செருப்பு வாசலில் கிடந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்து, மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கேட்டு வந்திருந்த சுகிர்தா, கழுத்துச் சிலுவையைத் திருகிக்கொண்டு, உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

“பாஸ்போட் எடுத்தாச்சா?” என்று கேட்டார், விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இன்னும் இல்ல மெடம்.”

“மெடமெல்லாம் வேணாம். மெடம்னு கூப்பிட்டதுங்க எல்லாம் இப்ப ருமேனியாவுல இருக்குதுங்க. அம்மான்னு சொல்லு. எடுக்குற யோசனை இருக்கா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத. வயசு என்ன?”

“இருபத்து நாலு.”

“இருபத்து நாலு வயசுல அந்த யோசனை வராட்டி ஒடம்புல ஏதோ கோளாறு. சரி, உள்ள வா. குனிஞ்சு, நான் பாக்குற எடத்தப் பாரு. என்ன தெரியுது?”

சுகிர்தா கட்டிலருகே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விசிறியின் மூடிக்கும் கூரைக்கும் நடுவே மெல்லிய நூலொன்று ஆடியது.

“ஒட்டடை.”

“ஆங். நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. கெஸ்ட்டு நின்னுக்கிட்டா தூங்குறான்? வந்தவொடன மல்லாந்து படுப்பான். மொதல்ல இதத்தான் பாப்பான். பாத்துட்டுப் போயி இன்டர்நெட்டுல எழுதுவான். சிங்களம் வாசிப்பியா?”

“அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ல படிச்சேன். பொறகு கொன்வென்ட்ல சிங்களத்துல.”

“நல்லதாப் போச்சு. என் சிங்களம் கட்டுகஸ்தோட்டை மார்க்கட்டு வரைக்கும் தான் போகும். மேடைக்கு ஏறாது. நாளைக்கே வந்துரு.”

எழுந்தார். தலையணையைத் தட்டி, விரிப்பின் நுனியை இழுத்து மடித்தார். படுத்த தடம் மறைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பத்தாம் இலக்க அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கும் கட்டில் முனகும் சத்தம் கேட்டது.

இந்தப் ‘படுத்துப் பாக்குற’ பழக்கம், வேறொரு ஹோட்டலில் அறை துடைக்கும் பெண்ணாக இருந்த காலத்திலேயே அவருக்கு வந்தது. அப்போது விருந்தினர் கட்டிலில் படுப்பது குற்றம். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மூச்சு விடும் நேரம் படுத்து எழுந்துவிடுவாராம். இப்போது கட்டிலும் சொந்தம், கதவும் சொந்தம். ஆனாலும் படுத்திருக்கும்போது யாராவது வந்துவிட்டால் முதலில் திடுக்கிட்டு எழப் பார்ப்பார். பிறகு, தான் யார் என்பது ஞாபகம் வந்தாற்போல மெதுவாகச் சாய்வார்.

ஹோட்டல், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே ஒரு சரிவில் நிற்கிறது. பின்பக்க அறைகளின் ஜன்னலைத் திறந்தால் மகாவலி ஆறு தெரியும். முன்பக்கத்து அறைகளுக்கு பஸ் ஹோர்ன் தான். கணவர் இராமையா சுற்றுலா வேன் ஓட்டியவர். ஏற்றி வந்த வெள்ளைக்காரர்கள் தங்க இடம் கேட்கக் கேட்க, வீட்டின் மேல் ஓர் அறை, அதற்குப் பக்கத்தில் ஓர் அறை என்று எழுப்பிக்கொண்டே போனார்கள். ஒரே திட்டத்தில் கட்டியதல்ல என்பது படியேறும்போது முழங்காலுக்குத் தெரியும். இராமையா மாரடைப்பில் போன பிறகு வடிவம்மா தனியாக நடத்துகிறார். ஐம்பத்தேழு வயது. குள்ளமான, கனத்த உடம்பு. கழுத்தில் சங்கிலியோடு பின்னிக்கொண்டு மூக்குக் கண்ணாடிக் கயிறு. மேல்மாடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால், கீழே றோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்றுப் போகும் பாண்காரனின் திரிவீலர் நின்றுவிடும்.

அவருடைய பெரிய சண்டை ஆட்களோடுதான். நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தாகி, பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷத்திலிருந்து, வேலை பழகிய ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். சமையற்காரர் மாலைதீவுக்கு. வரவேற்பில் இருந்த பெண் ருமேனியாவுக்கு. அறை வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவரும் கட்டாருக்கு. போகும்போது காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வடிவம்மா கையில் ஏதாவது வைத்து அனுப்பினார். அனுப்பிவிட்டு வந்து, யாரும் இல்லாத வரவேற்பு மேசையைப் பார்த்துச் சொல்வார்: “நான் ஹோட்டலா நடத்துறேன்? எயார்போட்டுல்ல நடத்துறேன்.”

இப்படிப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்தவர்தான் அழகர். முப்பத்து நான்கு வயது, புதுக்கோட்டைப் பக்கம். வடிவம்மாவின் சித்தப்பா குடும்பம் முன்பு, தோட்டத் தமிழரைத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு கிராமத்தில் குடியேறியது. அந்தச் சித்தப்பாவின் பேரனுக்கு அழகர் அடுத்த வீடு. கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். சுற்றுலா விசாவில் மாசி மாதம் வந்தார். அந்த விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது என்பது வடிவம்மாவுக்கும் தெரியும், அழகருக்கும் தெரியும். விருந்தினர் கேட்டால் “எங்க அண்ணன் மகன், கலஹா தேயிலத் தோட்டம்” என்று பதில் தயாராக இருந்தது. அவருடைய பேச்சும் கலஹாப் பேச்சுப் போலவே இருந்ததால் ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வடிவம்மா அவரை நன்றாகத்தான் வைத்திருந்தார். குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தார். உள்ளூர்ச் சமையற்காரருக்குக் கொடுத்ததை விடக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்தார். அவருடைய மகளுக்குக் கவுன் எடுத்து அனுப்பினார். முதன்முதலில் தேங்காய்ச் சம்பலை அழகர் தாளித்துக் கொண்டுவந்து வைத்தபோது, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “டேய், இதப் பச்சையாத்தான்டா திங்கணும். இல்லாட்டி நம்மள ஊருக்கு அனுப்பிருவாங்க” என்றார்.

வரவேற்பு அறைக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஸ்டோராக இருந்த இடம் இப்போது சாமி அறை. நடுவில் கதிர்காமத்து முருகன். விலை மதிப்புள்ள எதையும் வடிவம்மா அங்கேதான் வைப்பார். ஹோட்டல் அனுமதிப் பத்திரம், புது வேனின் சாவி, நகைப் பெட்டி எல்லாமே. புதிதாகச் சேருகிறவரின் அடையாள அட்டையும் ஒரு ராத்திரி முருகன் காலடியில் இருக்க வேண்டும். காலையில் வடிவம்மாவே எடுத்துத் திருநீறு தடவித் திருப்பிக் கொடுப்பார். சாமி முன்னால் வைத்ததை, வைத்த கையேதான் எடுக்க வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். வேறு கை தொட்டால் அது திருட்டு. அதனால் அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

அழகரின் பாஸ்போட்டும் வந்த அன்றே அங்கே போனது. மறுநாள் காலை திரும்பி வரவில்லை. விசாவை நீட்டுவதற்காக ஒருமுறை வடிவம்மா எடுத்தார். அன்று சாயந்தரமே மறுபடியும் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அழகர் தினமும் விடியற்காலையில் அடுப்பு மூட்டும் முன் அந்த அறைக்குள் போய்ச் சூடம் கொளுத்துவார். பாஸ்போட்டின் நீல ஓரம் படத்துக்குப் பின்னால் தெரியும். கும்பிட்டுவிட்டு வருவார்.

ஆடி பிறந்து சில நாட்களில் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தாள். அழகரின் அப்பா வயலில் விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அழகர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“அம்மா, ஒரு வாரம் போய்ட்டு வந்துர்றேங்க. திரும்பி வந்துருவேன். சத்தியமா வந்துருவேன்.”

“அடுத்த மாசம் பெரஹராத் திருவிழா. ஒரு ரூமு காலி இல்ல. நீ போயிட்டா அடுப்புல யாரு நிப்பா, நானா?”

“இல்லங்க, அப்பா…”

“பக்கவாதம் உசிருக்கு ஒண்ணும் செய்யாது. எங்க மாமனாரு எட்டு வருஷம் கெடந்தாரு. பெரஹரா முடியட்டும், நானே டிக்கட் போட்டு அனுப்புறேன்.”

அழகர் தலையாட்டிவிட்டுப் போனார். சுகிர்தா பிறகு அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “பூட்டு இல்லத்தானே அண்ணா. எடுத்துக்கிட்டுப் போகலாந்தானே?”

அழகர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அம்மா வச்சதும்மா. சாமிகிட்டேர்ந்து நான் எப்புடி எடுக்க? எங்க ஊட்டுலயும் அப்புடித்தான்.”

அதே வாரம்தான் கண்டியில் அந்தக் கூட்டம் நடந்தது. ஹோட்டல்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரைக் கொண்டுவர அனுமதிப்பதா, அதற்காகக் குடிவரவுச் சட்டத்தைத் திருத்துவதா என்று கருத்துக் கேட்பதற்குக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். வாவிக் கரையோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் மண்டபம். ஒரு பக்கம் முதலாளிமார், மறுபக்கம் தொழிற்சங்கக்காரர், நடுவில் குளிரூட்டி. வடிவம்மா தன் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பதற்காகப் பக்கத்தில் சுகிர்தா.

எதிர்ப்பக்கத்தில் இருளப்பன் உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். இராமையாவின் பழைய தோழர். வாரத்தில் ஒரு நாள் வந்து வடிவம்மாவின் அடுப்படியில் பிளேன்டீ குடித்துவிட்டுப் போகிறவர். அழகர் யார், எங்கிருந்து வந்தார், எந்த விசாவில் நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தபோதெல்லாம் வடிவம்மாவின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. சுகிர்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழுந்தது சங்கத்துப் பக்கத்திலிருந்த ஒரு சிங்கள இளைஞன். கோபக்காரனல்ல, நிதானமாகவே பேசினான். “கொண்டுவருவது சுலபம். திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம். இந்த மலைநாட்டில் அதை நாங்கள் பார்த்திருக்கிறோம்” என்றான்.

சுகிர்தா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். வடிவம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அளவு சிங்களம் அவருக்குத் தெரியும். ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

“சேர், அனுப்புறது கஷ்டம்னு அந்தத் தம்பி சொல்றாரு. இல்ல. அனுப்புறது ரொம்ப லேசு. எங்க சித்தப்பாவ அனுப்புனாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏத்தி அனுப்புனாங்க. கூடப் பொறந்தவன வழியனுப்பி வைக்க எங்கப்பா ஒரு நாள் லீவு கேட்டாரு. ‘தேயிலக் கொழுந்துக் காலம், ஏலாது’ன்னுட்டாரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எங்கப்பா மலையில நின்னு கொழுந்துச் சாக்கு தூக்குன நேரத்துல அங்க கப்பல் போயிருச்சு. பொறகு அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்ல. அதனால சொல்றேன், எவனும் திருட்டுத்தனமா வர வேணாம், எவனும் அழுதுக்கிட்டுப் போக வேணாம். வாசலத் தொறந்து சட்டமாக் கொண்டாங்க. வேல செய்யட்டும், பேர் சொல்லிப் போகட்டும்.”

சுகிர்தா அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தாள். பிறகு இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். இளைஞன் கூடத் தட்டினான்.

இருளப்பன் தட்டவில்லை. எழுந்தார்.

“நல்லாப் பேசுனாங்க. ஆனா வெளிநாட்டுக்காரன் வந்தவொடன முதலாளி செய்ற மொத வேலை என்ன? பாஸ்போட்ட வாங்கி வச்சுக்கிறது. நம்ம புள்ளைங்களுக்கு அரபு நாட்டுல அதானே நடக்குது. இங்க மட்டும் நடக்காதா? அந்தம்மாவே சொல்லட்டும்.”

அவர் அதையே சிங்களத்திலும் சொன்னார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி வடிவம்மாவைப் பார்த்தார். வடிவம்மா எழுந்திருக்கவில்லை. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார்: “முருகன் மேல சத்தியமா, என் கையில ஒருத்தரோட பாஸ்போட்டும் இல்ல. எங்க ஹோட்டல்ல அப்பிடி ஒண்ணப் பூட்டி வைக்கிறதுக்கு ஒரு பூட்டும் இல்ல.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சுகிர்தா அதைச் சொல்லுக்குச் சொல்லாகச் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். இருளப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டோடு வந்து வடிவம்மாவின் பக்கத்தில் நின்றார்.

“முருகனையே சாட்சிக்குக் கூப்பிட்டுட்டீங்களே மதினி.”

“ஏன், கூப்பிட்டா வரமாட்டாரா?”

“வருவாரு. வந்து என்ன சொல்லுவாரோன்னு தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

“நீங்க சொல்லியிருக்கலாமே கொழுந்தனாரே. வாய யாரு பொத்துனா?”

“சொன்னா மொதல்ல உள்ள போறது அவன். நீங்க இல்ல. அதுக்காகத்தான்.” குரலைத் தாழ்த்தினார். “அப்பன் சாகக் கெடக்கான். அனுப்பி வைங்க. ஆளுக்கு நல்ல சம்பளம் குடுத்தா நம்ம புள்ளைங்களே வருவாங்க.”

“டுபாய்க்காரன் குடுக்குறத நானும் குடுத்தா, கெஸ்ட்டுக்குப் பாணும் பருப்புந்தான் வைக்கணும். வாய்ச்சொல் சொல்றது லேசு. ரூம நீங்க வந்து கூட்டுறீங்களா?” என்று சீறினார். பிறகு தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே, “சரி, சரி. வெள்ளிக்கெழம எடுத்துக் குடுக்குறேன். வெள்ளிக்கெழம நல்ல நாள்” என்றார்.

அன்று திங்கள். அழகருக்கு விஷயம் போனது. செவ்வாய்க்கிழமை அவர் துணிகளைத் துவைத்துப் பின்கட்டில் காயப்போட்டார். எந்த மசாலா எந்தப் போத்தலில் என்று அறை வேலைக்காரி ரபீகாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளும், “அழகர் நானா, நீங்க வாரதுக்குள்ள நான் ஒங்கள விட நல்லா ஆக்கிக் காட்றன், பாருங்க” என்று சிரித்தாள்.

புதன்கிழமை காலை கலஹாவிலிருந்து செய்தி வந்தது. இராமையாவின் அண்ணன் மனைவி பாலம்மா போய்விட்டார். வடிவம்மாவுக்கு மூத்த ஓரகத்தி. கல்யாணமாகி அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போன நாளிலிருந்து, ஒரே அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ரொட்டி சுட்டவர்கள். வடிவம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். முகத்தைக் கழுவினார். பிறகு நேராகச் சாமி அறைக்குப் போய், உள்ளே கால் வைக்காமல், கையை மட்டும் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“தீட்டு. பதினாறு கழியிற வரைக்கும் யாரும் தொறக்கப்படாது.”

அழகர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். கையில் அகப்பை.

“அம்மா, வெள்ளிக்கெழம…”

“நான் என்னடா செய்ய? எழவு சொல்லிக்கிட்டா வருது? பதினாறு முடிஞ்ச மறுநாள் மொத வேலையா எடுத்துத் தர்றேன்.”

பதினாறு முடியும்போது பெரஹராவும் முடிந்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தீட்டு என்றால் தீட்டுதான்; அழகருக்கும் அது தெரிந்த சட்டம். அகப்பையோடு உள்ளே போனார். ஆனால் வேனில் ஏறும்போது வடிவம்மாவின் முகத்தில், அழுத கண்ணுக்குக் கீழே, ஒரு பெரிய பாரம் இறங்கியதைப் போன்ற தளர்வு இருந்தது. மலர் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலஹாவில் லயத்து வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தப்பு மேளச் சத்தம் மேலே மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பாலம்மாவை வாங்குப் பலகையில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில் யாரோ, “ரமேஸ் லைன்ல இருக்கான்” என்றார்கள். ரமேஸ் பாலம்மாவின் ஒரே மகன். டுபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தொலைபேசித் திரையில் வெள்ளைத் தொப்பியோடு அவன் முகம். பின்னால் ஆவி பறந்தது, தட்டுகள் மோதின.

“யாராவது அம்மாகிட்ட கொண்டு போங்க. சின்னம்மா, நீங்க புடிங்க.”

வடிவம்மா தொலைபேசியை வாங்கி, இறந்தவரின் முகத்துக்கு மேலே பிடித்தார்.

“கொஞ்சம் கீழ, சின்னம்மா. நெத்தி மட்டுந்தான் தெரியுது. ஆங். அப்பிடியே வச்சிருங்க.”

அவன் சத்தமில்லாமல் அழுதான். அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “டூ மினிட்ஸ், சேர்” என்று திரும்பிச் சொல்லிவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தான்.

“வந்து கொள்ளி வைக்க வேண்டாமாடா? ஏன்டா வரல?” என்று கேட்டார் வடிவம்மா.

“பாஸ்போட் ஒபிஸ்ல இருக்கு, சின்னம்மா. கேட்டேன். இப்ப புக்கிங் ரொம்ப, முடிஞ்சொடன போன்னு சொல்றாங்க.”

வடிவம்மா கொதித்துவிட்டார். “எவன்டா அவன்? அவனும் ஒரு தாய் வயித்துல பொறந்தவனா? அவன் வீட்டுல எழவே விழாதா?” சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் கை விளங்காமல் போக, அவன் ஹோட்டலில் இடி விழ என்று சாபம் தொடர்ந்தது. ஒரு கிழவி வடிவம்மாவின் தோளைத் தொட்டு, “அப்பிடிக் கேளு தாயி. நீயும் முதலாளி தானே, நீ இப்பிடிச் செய்வியா?” என்றாள்.

வடிவம்மா தலையைத் திருப்பினார்.

தண்ணீர்க் குழாயடியில் ஆண்களோடு நின்ற இருளப்பன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. காலால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“போன் ஆடுது, சின்னம்மா” என்றது திரையிலிருந்து அந்தக் குரல். “ஆட்டாதீங்க. அம்மா மொகம் தெரியல.”

அவர் இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்படியும் ஆடியது. சுகிர்தா பக்கத்தில் போய் அந்தக் கைகளுக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். தப்பு மறுபடியும் தொடங்கி, தூக்குகிறவர்கள் வரும் வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

திரும்பும் வழியில், பேராதனைச் சந்தியில் வாகன நெரிசலில் வேன் நின்றபோது, முன்னால் நிற்கும் பஸ்காரனை வடிவம்மா வழக்கம்போலத் திட்டவில்லை. ஹோட்டலுக்கு வந்ததும் பின்கட்டுக் குழாயடியில் தலைக்குக் குளித்தார். ஈரக் கூந்தலைத் துவாயில் முடிந்துகொண்டு வரவேற்பு அறைக்கு வந்து, மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். விருந்தினர் உட்காரும் கதிரை. அதில் அவர் உட்கார்ந்து சுகிர்தா பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து தேங்காய் துருவும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அவங்கப்பாவுக்கு எப்பிடியாம்?”

அந்தக் கேள்வியை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

“காலையில கண்ணத் தொறந்தாராம். பேச்சு இல்லையாம். ‘அழகரு வந்துட்டானா’ன்னு கேக்குற மாதிரி வாசலப் பாக்குறாராம். அண்ணா சொன்னாரு.”

“திருச்சிக்கு நாளைக்கு பிளேன் இருக்கா?”

“இருக்கும்மா. காலையிலயே இருக்கு. சீட்டும் இருக்கு. வர்ற வழியிலயே பாத்து வச்சேன்.”

வடிவம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று சுகிர்தா நினைத்தாள். அவர் எழுந்து சாமி அறை வரைக்கும் நடந்தார். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றார். கை தாழ்ப்பாள் வரை போனது, தொடவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“உங்க வேதத்துல தீட்டுன்னு ஒண்ணும் இல்லத்தானே?”

“இல்லம்மா.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அடுத்த பாதியை எடுத்திருப்பார், மறுபடியும் தொடங்கியது.

வரவேற்பு மேசையின் மேல் கண்காணிப்புக் கேமராவின் திரை இருந்தது. அதன் ஒரு கட்டத்தில் சாமி அறைக் கதவு தெரிந்தது. வடிவம்மா அந்தத் திரையை இரண்டு கைகளாலும் பிடித்து, வயர் இழுபட இழுபட, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“படத்துக்குப் பின்னால இருக்கு. நீ போயி எடுத்துக் குடு, பிள்ளை. நான் பாக்கல.”